ஈஸ்ட் டீனில் தொடங்கி ஈஸ்ட் டீனில் முடியும் வட்டம்: ஏழு கிலோமீட்டரில் செவன் சிஸ்டர்ஸ்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் செங்குத்தான வெள்ளைச் சுண்ணப்பாறை முகடுகளாக வரிசையாக நிற்பவை செவன் சிஸ்டர்ஸ், அதாவது ஏழு சகோதரிகள். அவற்றைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் எக்ஸீட் என்ற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். கக்மியர் ஆற்றை ஒட்டிக் கடல் வரை போய், நாலு படம் எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் தெம்புள்ளவர்கள் எல்லா முகடுகளையும் ஏறி இறங்கி, பீச்சி ஹெட் தாண்டி ஈஸ்ட்போர்ன் போய்ச் சேருவார்கள். அது ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ஒரு முழுநாள் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஈஸ்ட் டீன் கிராமத்தில் தொடங்கி, ஃபிரிஸ்டன் தேவாலயம், க்ரோலிங்க், பாறை விளிம்பு, பர்லிங் கேப், வென்ட் ஹில் மரக்காடு என்று சுற்றி மறுபடி ஈஸ்ட் டீனிலேயே முடியும் வட்டம். மொத்தம் சுமார் 7 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் இரண்டரை மணி நேரம். யாரும் நிற்காமல் நடக்கப் போவதில்லை என்பதால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் குறைவு என்று அசட்டையாக இருக்கக் கூடாது. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 200 மீட்டருக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் சின்ன ஏற்றம்தான், ஆனால் ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். தள்ளுவண்டிக் குழந்தையை வைத்துக்கொண்டு இதில் போக முடியாது. முதுகில் கட்டித் தூக்கும் பை இருந்தால் போகலாம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

இந்த வட்டத்தை கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்ற வேண்டும். அதாவது முதலில் உள்நிலம், பிறகு கடல், கடைசியில் காடு. பல வழிகாட்டிகள் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்பதுபோல் எழுதுகின்றன. ஒன்றல்ல.

முதல் காரணம் காற்று. இந்தக் கடற்கரையில் பெரும்பாலான நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. பாறை மேல் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் அது பின்னாலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் தள்ளும். கடல் வலக்கைப் பக்கம் இருப்பதால் அந்தத் தள்ளல் உங்களை விளிம்பிலிருந்து உள்ளே ஒதுக்கும். எதிர்த்திசையில் போனால் இரண்டு கிலோமீட்டருக்கு முகத்தில் அறை வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். கண்ணில் நீர் கொட்டும், கூட வருகிறவர் பேசுவது காதில் விழாது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ பலத்த காற்று வீசும் நாளில் அது உங்களைக் கடல் பக்கமாகத் தள்ளும். வானம் பளிச்சென்று இருக்கும், வெயிலும் அடிக்கும், பார்க்க நல்ல நாள் போலத்தான் தெரியும். வானிலை அறிக்கையில் வேகத்தைப் பார்க்கும்போது திசையையும் பாருங்கள். வீச்சுக்காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டும் என்று போட்டிருந்தால் எந்தத் திசையானாலும் வேறு நாள் பாருங்கள்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். பாறைமுகங்கள் தெற்கும் சற்று மேற்கும் பார்த்து நிற்கின்றன. பர்லிங் கேப்பிலிருந்து மேற்கே திரும்பி முகடுகளின் வரிசையைப் பார்ப்பதுதான் இந்த நடையின் பெரிய காட்சி. நண்பகலை ஒட்டி அங்கே நின்றால் வெள்ளை முழுசாக வெளிச்சத்தில் இருக்கும். கோடை மாலையில் எதிர்வெயில். எனவே காலை 10 மணிவாக்கில் ஈஸ்ட் டீனை விட்டுக் கிளம்புவது சரியான கணக்கு.

போய்ச் சேருவது

லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட்போர்னுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ப்ரைட்டன் நோக்கிப் போகும் 12 வரிசைக் கோஸ்டர் பஸ் ஏ259 சாலையில் ஈஸ்ட் டீனில் நிற்கும். ப்ரைட்டன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் அதே பஸ்தான். பகலில் அடிக்கடி உண்டு. காரில் வந்தால் கிராமத்திலேயே நிறுத்துமிடம் இருக்கிறது, ஆனால் வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் சீக்கிரம் நிரம்பிவிடும். க்ரோலிங்கிலும் பர்லிங் கேப்பிலும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. வட்டப்பாதை என்பதால் எங்கே நிறுத்தினாலும் அங்கேயே வந்து சேர்வீர்கள். இருந்தாலும் பர்லிங் கேப்பில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய காட்சியை முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டால் மீதி நடைக்கு மனசு வராது.

வரைபடம் வேண்டுமென்றால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்25. பொதுநடைபாதைகள் அதில் பச்சைக் கோடுகளாக விட்டுவிட்டுத் தெரியும். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளங்களில் சிக்னல் அற்றுப்போகும்.

ஈஸ்ட் டீன் முதல் க்ரோலிங்க் வரை

கிராமத்தின் நடுவே ஒரு பசும்புல் மைதானம், அதைச் சுற்றி சிக்கிமுக்கிக் கல் பதித்த வீடுகள், ஓரமாக டைகர் இன் என்ற விடுதி. இந்தப் பக்கத்துப் பழைய வீடு எதைப் பார்த்தாலும் சுவரில் இந்தக் கல்தான். சுண்ணப்பாறை மெத்தென்றது, கட்டடத்துக்குத் தாங்காது. அதற்குள் வரிவரியாகப் புதைந்திருக்கும் சிக்கிமுக்கி மட்டும்தான் இங்கே கிடைக்கும் கெட்டியான கல்.

இங்கிருந்து மேற்கே ஃபிரிஸ்டன் தேவாலயத்துக்கு ஏற வேண்டும். சுமார் 60 மீட்டர் உயரம். ஏ259 சாலையோரமாகவே ஏறுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். வளைவான மேட்டில் வண்டிகள் வேகமாக வரும். வரைபடத்தில் தெரியும் புல்வெளி நடைபாதையைப் பிடியுங்கள். மூட்டுவலிக்காரர்கள், பெரியவர்கள் கூட வந்தால் இந்த ஏற்றத்தை அப்படியே தவிர்க்கலாம். ஈஸ்ட் டீனில் இறங்காமல் மேட்டின் உச்சியில் ஃபிரிஸ்டன் குளத்தருகே இறங்கினால் போதும். வட்டம் முழுசாகாது, அதனால் என்ன?

தேவாலய வாசலில் டாப்செல் கேட் எனப்படும் மரக்கதவைப் பாருங்கள். கீல் ஓரத்தில் இருக்காது. நட்டநடுவில் ஒரு தூண், அதன்மேல் கதவு முழுவதும் சுழலும். சவப்பெட்டியைத் தூக்கி வருகிறவர்கள் தூணுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நேராக நடந்து போகலாம், ஆடுமாடு உள்ளே நுழைய முடியாது. இந்த வகைக் கதவு இந்தப் பகுதியான சசெக்ஸில் மொத்தம் ஆறு இடங்களில்தான் இருக்கிறது. ஈஸ்ட் டீன் தேவாலயத்தில் இன்னொன்று உண்டு, ஆக ஒரே நடையில் இரண்டு. ஃபிராங்க் பிரிட்ஜ் என்ற இசையமைப்பாளரின் கல்லறை ஃபிரிஸ்டன் தேவாலயத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

தேவாலயத்தைத் தாண்டித் தென்மேற்கே போகும் தார்ச்சாலைதான் க்ரோலிங்க் வழி. ஒரு வண்டி போகும் அகலம்தான், நிறுத்துமிடம் தேடும் கார்கள் வரும், ஓரமாக நடங்கள். நிறுத்துமிடத்தைத் தாண்டியதும் சாலை இறங்கி, நாலைந்து வீடுகள் உள்ள க்ரோலிங்கில் போய் முடிகிறது. 18ஆம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தலுக்குப் பேர்போன இடம் இது. கடலில் வந்திறங்கிய ஜின் பீப்பாய்கள் கீழே பாறைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாக மேலே வந்தன. லண்டனில் ‘அசல் க்ரோலிங்க்’ என்று சொல்லி விற்றார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. 1920களில் இங்கே வீட்டுமனை போட ஏற்பாடு நடந்தது. பொதுமக்கள் பணம் திரட்டி 1926இல் நிலத்தை வாங்கியதால்தான் இன்று பாறை மேல் பங்களா வரிசை இல்லாமல் புல் இருக்கிறது.

கடைசி வீட்டைத் தாண்டி ஒரு கதவு. அதைத் திறந்தால் திரும்ப மூட மறக்காதீர்கள், உள்ளே செம்மறி ஆடுகள் மேயும். நாய் கூட்டி வந்தவர்கள் இங்கே கயிற்றில் கட்டிவிட வேண்டும். குட்டி போடும் வசந்தகாலத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, முயலைத் துரத்திக்கொண்டு ஓடும் நாய்க்கு விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

பாறை மேல்

க்ரோலிங்கிலிருந்து புல் பள்ளத்தாக்கில் நேராக இறங்கினால் ஒரு கிலோமீட்டரில் கடல். ஆனால் பள்ளத்தாக்கு கடற்கரையில் போய் முடியாது, அந்தரத்தில் முடியும். கேப் பாட்டம் என்று இந்தப் பள்ளத்துக்குப் பெயர். அதன் வாய் செங்குத்துப் பாறையில் அறுந்து நிற்கிறது, இப்போது கீழே இறங்க வழி கிடையாது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் மீதி நடை முழுக்கப் புரிந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்குகளில் இன்று ஓடை எதுவும் இல்லை. சுண்ணப்பாறை தண்ணீரை உறிஞ்சிவிடும், மேலே ஓட விடாது. பனியுகத்தில் மண் உறைந்து கிடந்தபோது பாறைக்குள் நீர் இறங்க முடியவில்லை. கோடையில் உருகிய பனிநீர் மேலோடு ஓடி இந்தப் பள்ளங்களை அறுத்தது. அப்போது கரை இன்னும் வெகு தெற்கே இருந்தது. பிறகு கடல் மேலேறி வந்து, மேடும் பள்ளமுமாக இருந்த நிலத்தைக் குறுக்கே வெட்டிவிட்டது. வெட்டுமுகத்தில் மேடெல்லாம் சகோதரிகள், பள்ளமெல்லாம் இடைவெளிகள். பாறை சுமார் எட்டு, ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்பாசிகளின் ஓட்டுத்துகள்கள் படிந்து உருவானது. அரியலூர்ப் பக்கம் அம்மோனைட் கிடைப்பதும் இதே கிரிட்டேஷியஸ் காலத்துக் கடல் படிவுகளில்தான்.

பெயர் ஏழு சகோதரிகள், எண்ணினால் எட்டு முகடு வரும். மேற்கிலிருந்து ஹேவன் ப்ரோ, ஷார்ட் ப்ரோ, ரஃப் ப்ரோ, ப்ராஸ் பாயிண்ட், ஃப்ளாக்ஸ்டாஃப் பாயிண்ட், ஃப்ளாட் ஹில், பெய்லீஸ் ஹில், வென்ட் ஹில். இதில் ஃப்ளாட் ஹில்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருப்பதில் உயரமானது 77 மீட்டர் ஹேவன் ப்ரோ, அது மேற்குக் கோடியில் இருப்பதால் நம் வட்டத்தில் வராது. நமக்குக் கடைசி நான்கு மட்டும்.

கேப் பாட்டத்தில் இடப்பக்கம் திரும்பி ஃப்ளாக்ஸ்டாஃப் பாயிண்ட்டில் ஏறுங்கள். நாலில் இதுதான் முட்டி வலிக்கும் ஏற்றம். பலர் ஒரே நேர்க்கோட்டில் ஏறித் திணறுகிறார்கள், புல்லில் பதிந்திருக்கும் தடங்களில் சாய்வாகப் போகும் தடத்தை எடுத்தால் மூச்சு மிஞ்சும். இறக்கங்கள் அதைவிடத் தொல்லை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்துப் புல் போய் வெள்ளைப் பாறை தெரியும் இடங்களில் மழை பெய்திருந்தால் பாறை குழைந்து களிம்பு மாதிரி ஆகிவிடும். அது காலணியின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு அடிப்பாகத்தை வழவழப்பாக்கிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல காலணியும் வழுக்கும். தேய்ந்த ஓட்டக் காலணியோடு வந்தவர்கள் உட்கார்ந்தே சறுக்கி இறங்குவதை ஈரநாட்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வெள்ளைத் தடத்தை விட்டு அதை ஒட்டியுள்ள புல்லில் காலை வையுங்கள். கைத்தடி இருந்தால் இறக்கத்தில் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெய்லீஸ் ஹில் பக்கம் ஒரு நினைவுக்கல் வரும். முதல் உலகப்போரில் இறந்த இரண்டு சகோதரர்களின் நினைவாக இந்த நிலத்துண்டு நேஷனல் டிரஸ்ட்டுக்கு வந்தது. காற்றுக்கு முதுகு காட்டி உட்கார அதன் பின்புறம் தோதான இடம்.

புல்லை இறங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளங்கையளவு இடத்தில் பலவகைச் செடி இருக்கும், எல்லாம் விரல் உயரத்துக்கு மேல் வளராதவை. ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் கௌஸ்லிப். ஜூலை, ஆகஸ்ட்டில் உருண்டைத் தலையோடு கருநீல ரவுண்ட்-ஹெடட் ராம்பியன், இதைச் சசெக்ஸின் பெருமை என்பார்கள். கோடையில் மிதித்தால் மணக்கும் காட்டுத் தைம். அடோனிஸ் ப்ளூ என்ற பளீர் நீலப் பட்டாம்பூச்சி மே, ஜூனில் ஒருமுறையும் ஆகஸ்ட், செப்டம்பரில் மறுமுறையும் பறக்கும். அதன் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியைத்தான் தின்னும். அந்தச் செடி உயரமான புல்லுக்கு நடுவே பிழைக்காது. ஆடும் முயலும் மேய்ந்து கட்டையாக வைத்திருக்கும் வரைதான் செடி, செடி இருக்கும் வரைதான் பூச்சி. மேலே வானம்பாடி விடாமல் கத்திக்கொண்டிருக்கும். விளிம்புக்கு வெளியே இறக்கையை அசைக்காமல் காற்றில் மிதக்கும் சாம்பல் பறவை பெரும்பாலும் ஃபுல்மார். கடற்காகம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இறக்கையை விறைப்பாக நேராக வைத்திருப்பதைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

விளிம்பு

பாதையில் எங்கும் வேலி கிடையாது. போட்டாலும் பயனில்லை, சில ஆண்டுகளில் வேலியும் சேர்ந்து கீழே போய்விடும். குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்கின்றன. நான் அதை இரண்டு மடங்காக்குவேன்.

காரணம் எளிது. அலை பாறையின் அடியை அரிக்கிறது, மேல்பகுதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நீங்கள் நிற்கும் புல்லுக்கு அடியில் பாறை இருக்கிறதா வெறுங்காற்று இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. பாறையில் செங்குத்தாக ஓடும் வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றுக்குள் இறங்கும், சுண்ணப்பாறை அதை உறிஞ்சிக் கனத்துப்போகும், உறைபனி வந்தால் வெடிப்பு விரியும், ஒருநாள் முகம் முழுவதும் ஒரே பலகையாகக் கழன்று விழும். மழைக்காலமும் அதையடுத்த மாதங்களும் கூடுதல் மோசம். வெயில்காலத்தில் விழாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. புல்லில் விளிம்புக்கு இணையாக ஒரு கோடு கீறினாற்போல் தெரிந்தால் அதுதான் வெடிப்பு. அதற்குக் கடல் பக்கம் இருக்கும் நிலத்தைப் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

2016இல் வெளியான ஓர் ஆய்வு பாறையில் சேர்ந்திருந்த பெரிலியம் ஐசோடோப்பை அளந்து, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் இந்தக் கரை ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர்தான் பின்வாங்கியது என்றும், கடந்த 150 ஆண்டுகளில் அது 22 முதல் 32 சென்டிமீட்டராகிவிட்டது என்றும் கணக்கிட்டது. பாறையின் காலடியில் கிடக்கும் கூழாங்கல் கரை மெலிந்துவிட்டதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் கற்கள். இந்த எண்களைப் பார்த்து வருஷத்துக்கு ஒரு சாண் போகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பத்து வருஷம் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரே மதியத்தில் மூன்று மீட்டர் போகும். பாறை இவ்வளவு வெள்ளையாக இருப்பதே அடிக்கடி விழுவதால்தான். விழாமல் நிற்கும் சுண்ணப்பாறையில் செடி முளைத்து அழுக்கேறிவிடும்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது, குதிக்கும்போது எடுப்பது இரண்டும் இங்கே உயிரை வாங்கியிருக்கின்றன. 2017இல் வெளிநாட்டு மாணவி ஒருவர் குதித்துப் படமெடுக்கப் போய் இறந்தார். இத்தனைக்கும் விளிம்பிலிருந்து எடுத்தால் நல்ல படம் கிடைக்காது, பாறை காலுக்கடியில் இருப்பதால் தெரியவே தெரியாது. பின்னால் உள்ள முகட்டின் நடுச்சரிவிலிருந்து அடுத்த முகட்டை எடுங்கள். முன்னால் கடற்காவல் வீடுகளும் பின்னால் ஏழு முகடுகளும் வரும் அந்தப் பிரபலமான படம் இந்த நடையில் கிடைக்காது. அது கக்மியர் ஆற்றுக்கு அக்கரையில், சீஃபோர்ட் பக்கத்திலிருந்து எடுப்பது. டிரோன் பறக்கவிட நேஷனல் டிரஸ்ட் நிலத்தில் அனுமதி வேண்டும்.

கடல்மூடுபனி திடீரென்று ஏறினால் பதறாமல் இடப்பக்கம், அதாவது உள்நிலம் பக்கம், மேட்டை நோக்கி ஐம்பது அடி போய் நின்றுகொள்ளுங்கள். கடல் சத்தத்தை வலக்காதில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடரலாம். பிள்ளைகள் எப்போதும் பெரியவர்களின் இடப்பக்கம். யாராவது விழுந்தால், அல்லது விழுந்த நாயை எடுக்க யாராவது இறங்கப் பார்த்தால், தடுத்து நிறுத்திவிட்டு அவசர எண் 999 அழைத்து, கடலோர மீட்புப் படையான கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

பர்லிங் கேப்

வென்ட் ஹில்லிலிருந்து இறங்கும்போதே எதிரே பாறை உச்சியில் பெல் டூட் கலங்கரை விளக்கம் தெரியும். 1832இல் கட்டியது. இப்போது விளக்கு இல்லை, தங்கும் விடுதி. விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999இல் கட்டடத்தை அப்படியே தூக்கி, தண்டவாளத்தில் 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள்.

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட்டின் உணவகமும் கழிவறையும் உண்டு. ஈஸ்ட் டீனுக்குப் பிறகு தண்ணீர் கிடைக்கும் முதல் இடம் இதுதான். அதனால் ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் நிழலே கிடையாது, காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது, சாயங்காலம்தான் கழுத்து எரியும். புளியோதரையோ தயிர்சாதமோ கட்டி வந்தவர்கள் கீழே வரை காத்திருக்காமல் பெய்லீஸ் ஹில்லிலேயே பிரிப்பது மேல். பர்லிங் கேப்பில் கூட்டமும் கடற்பறவைகளும் அதிகம், பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும்.

இங்கே 19ஆம் நூற்றாண்டில் கடற்காவலர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் இருந்தன. விளிம்பு நெருங்க நெருங்க ஓரத்து வீட்டை இடிப்பதும் அடுத்தது ஓரமாவதுமாகக் காலம் போயிருக்கிறது. அறுந்து நிற்கும் கடைசிச் சுவரைப் பார்த்தால் மேலே சொன்ன எண்களுக்கு உருவம் கிடைக்கும்.

கடற்கரைக்கு இறங்க உலோகப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். பாறை அரிக்க அரிக்க அதை மூடுவதும் கழற்றுவதும் நடக்கும், போகும் வாரத்தில் நிலவரம் என்ன என்று நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இறங்க முடிந்தாலும் பாறையின் அடியில் உட்காராதீர்கள், நிழலாக இருக்கிறது என்று அங்கேதான் எல்லோரும் போய் உட்காருகிறார்கள். கரையோரமாகவே மேற்கே கக்மியர் வரை நடந்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். இடையில் மேலேற ஒரு வழியும் இல்லை, நீர் ஏறினால் பாறைக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வென்ட் ஹில் காடு

பர்லிங் கேப்பிலிருந்து சாலையோடு நடந்தால் ஈஸ்ட் டீன் கிட்டத்தில்தான். ஆனால் சாலையில் போனால் இந்த வட்டத்தின் மூன்றாவது பகுதி போய்விடும். வந்த வழியில் கொஞ்சம் திரும்பி ஏறி, கடல் பக்கம் போகாமல் வடக்கே வென்ட் ஹில் முதுகைப் பிடியுங்கள். சிவப்புக் களஞ்சியம் ஒன்று அடையாளம். இது நடையின் நீளமான ஏற்றம், சாப்பிட்ட வயிற்றோடு வரும் என்பதால் கூடுதலாகத் தெரியும். மேலே நின்று திரும்பிப் பாருங்கள், பெல் டூட்டும் கடலும் ஒன்றாகத் தெரியும்.

களஞ்சியம் தாண்டிப் பாதை மரங்களுக்குள் இறங்குகிறது. நுழைந்த சில அடியிலேயே காற்று நின்றுவிடும், அதுவரை கத்திப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அதே குரலில் தொடர்ந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். விளிம்பில் இருக்கும் முள்மரங்கள் தலைவாரினாற்போல் வடகிழக்கே சாய்ந்திருக்கும். உப்புக்காற்று கடல்பக்கத் துளிர்களைக் கருக்கிவிடுவதால் கிளை மறுபக்கம் மட்டுமே வளர்கிறது. பாதை செங்குத்து, வேர்களும் ஈர இலைகளும் நிறைந்தது. வெயில் படாததால் மேலே காய்ந்த நாளிலும் இங்கே சேறு இருக்கலாம். களைத்த கால் இடறும் இடம் இதுதான், பாறை மேல் கவனமாக இருந்துவிட்டுக் காட்டில் கணுக்கால் பிசகியவர்கள் அதிகம். குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்பே. தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

காடு போதவில்லை என்பவர்களுக்கு ஃபிரிஸ்டன் குளத்தின் எதிரே, ஏ259க்கு வடக்கே, ஃபிரிஸ்டன் ஃபாரஸ்ட் இருக்கிறது. 1920களில் வனத்துறை நட்டது, பெரும்பாலும் பீச் மரங்கள். இளங்கன்றுகளை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற முதலில் பைன் மரங்களைக் கூடவே நட்டு வளர்த்தார்கள். நடையின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் உள்ளே சுற்றிவிட்டு வரலாம். மே மாதத்து இளம்பச்சைக்கும் அக்டோபர் இறுதிச் செம்புநிறத்துக்கும் அது பெறும். கோடை நடுவில் தேவையில்லை, வெறும் இருட்டு. சாலையைக் கடக்கும்போது மேட்டு வளைவில் வரும் வண்டி தெரியாது என்பதால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வென்ட் ஹில் பாதை கிராமத்தின் தென்முனையில் ஒரு சந்தில் கொண்டுவந்து விடும், அங்கிருந்து மைதானம் சில நிமிடம். பஸ் ஏறுமுன் காலுறையும் முழங்காலுக்குப் பின்புறமும் ஒருமுறை பாருங்கள். ஆடு மேயும் புல், மே முதல் செப்டம்பர் வரை உண்ணி இருக்கும். ஒட்டியிருந்தால் விரலால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். காலணியில் அப்பிய சுண்ணச்சேற்றை ஈரம் காயுமுன் புல்லில் தேய்த்துவிடுங்கள், காய்ந்தால் தூரிகைக்கும் வராது. ஈஸ்ட்போர்ன் பஸ் ஏ259இன் ஒரு பக்கம், ப்ரைட்டன் பஸ் மறுபக்கம். ஞாயிறு மாலையில் இரண்டிலும் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும்.